முறை மாறும் வேலையும் மெலிய மறுக்கும் உடலும்

திருமலையில் சுப்ரபாத சேவை நடைபெறும் விடியற்காலை மூன்று மணிப் பொழுதில், மலையடிவாரத்து நகரமும் முழுதாக உறங்கிவிடுவதில்லை. மேலே லட்டு பிடிக்கும் மடைப்பள்ளியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ரேணிகுண்டா சந்திப்பில் கையில் விளக்குடன் வண்டிக்குக் காத்து நிற்பவர் இருப்பர். கரகம்பாடியில் மின்கல ஆலைகளில் மூன்றாம் ஷிப்டு பாதியைத் தாண்டியிருக்கும். ரூயா ஆஸ்பத்திரியில் தாதியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த நோயாளியின் படுக்கைக்கு நடந்துகொண்டிருப்பர். சித்தூர்ப் பக்கத்திலோ, ஜூன், ஜூலை மாதங்களில் கிளிமூக்கு மாம்பழம் லாரி லாரியாக வந்து குவியும். கூழ் பிழியும் ஆலைகள் இரவு பகல் என்று பாராமல் ஓடும். இவர்களுள் நம் சங்கத்து அன்பர் எத்தனை பேர் என்று கடந்த பொங்கல் விழாவின்போது எண்ணிப் பார்த்தோம். வந்திருந்த குடும்பத் தலைவருள் மூவரில் ஒருவர் ஏதேனும் ஒரு முறைமாற்று வேலையில் இருந்தனர். வராதவர்கள், அன்று டூட்டியில் இருந்தமையால் வராதவர்கள்.

இம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் வேறு. பிழைப்பை நாடிக் காட்பாடிப் பாதையாகவும் அரக்கோணப் பாதையாகவும் வந்து இறங்கிய நம்மனோர் வேறு. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டான கதையும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்த கதையும், 2022-இல் திருப்பதி தனி மாவட்டமான கதையும் அன்பர்கள் நன்கறிந்தவையே. இக்கட்டுரை எல்லையைப் பற்றியதன்று, இடுப்பைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். கடந்த ஓராண்டில் நம்மை நேரில் கண்டபோது அன்பர்கள் மிகுதியாகக் கேட்ட கேள்வி இதுவே: “ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு எடையைக் குறைக்க முடியுமா?”

முடியும். ஆனால் பகலில் வேலை பார்த்து இரவில் உறங்குவோர்க்குச் சொல்லப்படும் வழி நமக்கு அப்படியே பொருந்தாது. இதை நாம் நம் உடம்பிலேயே பட்டறிந்தோம்.

நாமும் பல ஆண்டுகள் மூன்று முறையிலும் மாறி மாறி வேலை பார்த்தவரே. காலை ஆறு முதல் இரண்டு வரை ஒரு வாரம், இரண்டு முதல் இரவு பத்து வரை ஒரு வாரம், பத்து முதல் காலை ஆறு வரை ஒரு வாரம். நாற்பது வயதில் வயிறு சட்டைப் பொத்தானை அறுக்கத் தொடங்கியதும், ஒரு வீறாப்பில் காலை உணவையும் இரவு உணவையும் விட்டுவிட்டோம். இருபது நாளில் ஐந்து கிலோ குறைந்தது. பார்த்தவரெல்லாம் பாராட்டினர். இருபத்தோராம் நாள் இரவு வேலை முடித்துக் காலையில் ஸ்கூட்டரில் திரும்புகையில், ரேணிகுண்டாச் சாலையில் கண்ணைத் திறந்துகொண்டே உறங்கிவிட்டோம். சாலையோரத்தில் எவரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல்மேடு நம்மைத் தாங்கிக்கொண்டது. அதன் பிறகு பயத்தினால் உண்டோம்; உண்டது நிற்கவில்லை. ஆறு மாதத்தில் ஏழு கிலோ ஏறிற்று. போனது ஐந்து, வந்தது ஏழு. வட்டியோடு திரும்பிய அக்கடனின் காரணம் நமக்குப் பல ஆண்டுகள் விளங்கவில்லை.

இப்போது ஓரளவு விளங்குகிறது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் கடிகாரம் ஒன்று உண்டு. அக்கடிகாரத்தின் உள்ளியக்கத்தைக் கண்டறிந்தமைக்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர்க்கும் 2017-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கணையம் எப்போது இன்சுலினைத் தாராளமாகச் சுரக்க வேண்டும், குடல் எப்போது ஓய வேண்டும், உடற்சூடு எப்போது தாழ வேண்டும் என்பனவெல்லாம் இக்கடிகாரத்தின் ஏவலைச் சார்ந்தவை. ஷிப்டு மாறியவுடன் நம் கைக்கடிகாரம் மாறிவிடுகிறது. உள்ளே இருப்பது மாறுவதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு நாம் காண்டீனில் சோறு உண்ணும்போது, கணையம் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. பகலில் உண்ட அதே சோறு, இரவில் குருதியில் சர்க்கரையை மிகுதியாக ஏற்றி நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது.

பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் ஃபிராங்க் ஷீர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பத்துப் பேரின் உணவு நேரத்தையும் உறக்க நேரத்தையும் உள்கடிகாரத்துக்கு முற்றும் மாறாகத் திருப்பி வைத்துப் பார்த்தனர். உணவுக்குப் பின் சர்க்கரை 6 விழுக்காடும் இன்சுலின் 22 விழுக்காடும் உயர்ந்தன. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 17 விழுக்காடு தாழ்ந்தது. அதற்கு முன்பே, 2004-இல், சிக்காகோவில் பன்னிரண்டு இளைஞரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்க வைத்து, பத்து மணி நேரம் உறங்கிய இரவுகளோடு ஒப்பிட்டனர். லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடிற்று. அவர்கள் உணர்ந்த பசி 24 விழுக்காடு மிகுந்தது. அப்பசி கீரையையோ சுண்டலையோ நாடவில்லை. இனிப்பையும் உப்புப் பண்டத்தையும் மாவுப் பண்டத்தையுமே நாடிற்று. இரவு மூன்று மணிக்கு மிளகாய் பஜ்ஜித் தட்டைக் கண்டு நம் மன உறுதி தளர்வது நம் குணக்கேடன்று என்று தெரிந்தபோது நமக்கு ஓர் ஆறுதல்.

நம் ஐந்து கிலோவின் கதையைச் சொல்வது 2010-இல் வந்த வேறோர் ஆராய்ச்சி. பருமனான பத்துப் பேர்க்குப் பதினான்கு நாள் குறைத்த உணவு கொடுத்து, ஒரு முறை எட்டரை மணி நேரமும், மற்றொரு முறை ஐந்தரை மணி நேரமும் உறங்க விட்டனர். இரு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றே, மூன்று கிலோ அளவு. ஆனால் நன்கு உறங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. எஞ்சியது தசையும் அதைச் சார்ந்தவையும். உறங்காமல் பட்டினி கிடப்பவன் கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு சதையை இழக்கிறான். பின்பு உண்ணத் தொடங்கும்போது கொழுப்பாகவே ஏற்றிக்கொள்கிறான். நாம் செய்தது அதுவே.

இவையெல்லாம் சிலரை வைத்துச் சில நாள் நடத்திய ஆராய்ச்சிகள் என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் எல்லாம் ஒரு திசையையே காட்டுகின்றன: ஷிப்டுக்காரர் முதலில் சரிசெய்ய வேண்டுவது உறக்கம், அடுத்து உண்ணும் நேரம், அதன் பின்னரே உண்ணும் அளவு. நாம் தலைகீழாகத் தொடங்குகிறோம்.

இனி நம் நண்பர் ஒருவரின் வீட்டுக் கதை. குடியாத்தத்துக்காரர், இருபது ஆண்டுகளாகத் திருப்பதியில் ஆலையொன்றில் ஃபிட்டர். வயது நாற்பத்து நான்கு, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. அவர் தந்தையார் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர். சென்ற ஆண்டு நண்பரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.4 என்று வந்தது. 6.5 தொட்டால் நீரிழிவு என்று பெயர். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார் எனலாம்.

அவர் வீட்டில் எடை ஏறிய வழி எது என்று அறிய நாம் ஒரு வாரம் அவர் உண்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னோம். காலை ஷிப்டு வாரம் அவ்வளவு மோசமில்லை. இரவு ஷிப்டில் தேநீர். ஒரு குவளைப் பால் தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரை எனில் ஏறக்குறைய 70 கலோரி. ஓர் இரவுக்கு ஆறு குவளை எனில் 400-க்கு மேல். அது ஒருவேளைச் சோற்றுக்கு நிகர். இது எளிதில் தீர்ந்தது. சர்க்கரையை அரைக் கரண்டியாக்கி, குவளையை மூன்றாக்கினார். உண்மையான முடிச்சு பிற்பகல் ஷிப்டு வாரத்தில் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து சேருவார். அம்மையார் அதுவரை உண்ணாமல் காத்திருப்பார். வந்தவுடன் சுடச்சுடச் சோறு, குழம்பு, பொரியல், அப்பளம். பதினொன்றே முக்காலுக்குப் படுக்கை.

“அந்தச் சாப்பாட்டை எட்டு மணிக்கே ஆலையில் முடித்துக்கொள்ளட்டும், அம்மா. கையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்,” என்று நாம் சொன்னோம்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நாள் முழுக்க நான் ஒருத்தியாத்தான் சாப்பிடறேன், அண்ணா. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடுது. இங்க எங்க அக்கா தங்கச்சியா இருக்காங்க? அந்த ஒரு வேளைதான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருறது. அதையும் எடுத்துட்டா…”

மருத்துவ நூல் எதிலும் இக்கேள்விக்கு விடையில்லை. ஊரில் இருந்தால் நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று பத்துப் பேர் நடுவில் உண்டிருப்பார். அயலூரில் அந்தப் பதினொரு மணித் தட்டு வெறும் சோறன்று. அதைக் கலோரிக் கணக்குப் போட்டுப் பறிக்க நமக்கு வாய் எழவில்லை, திரும்பி வந்துவிட்டோம்.

வழியைக் கண்டவர் அம்மையாரே. பிற்பகல் ஷிப்டு வாரத்தில் நண்பர் ஒன்றேகால் மணி வரை வீட்டில் இருப்பவர் அன்றோ? முன்பெல்லாம் அப்போது அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு அவசரமாக நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார். இப்போது சரியாகப் பதினொன்றரைக்கு இருவரும் இலை போட்டு அமர்கின்றனர். நாளின் பெரிய உணவு அதுவே. இரவு ஏழரை மணி இடைவேளையில் டிபன் காரியர். வீடு திரும்பியதும் ஒரு பெரிய டம்ளர் மோர். அம்மையாருக்கும் ஒரு டம்ளர். கால் மணி நேரம் பேசியிருந்துவிட்டு உறங்கச் செல்கின்றனர். முதல் இரண்டு வாரம் அம்மையார் மனம் ஆறாமல் டிபன் காரியரில் மூவர்க்குரிய சோற்றை அழுத்தி அனுப்பினார் என்பதும், நண்பர் அதைத் தோழர்க்குப் பங்கிட்டுப் பெரும் புகழ் ஈட்டினார் என்பதும் கதையின் கிளைகள். பதினொரு மாதத்தில் 86 கிலோ 79 ஆயிற்று. சர்க்கரைச் சராசரி 5.9. இடையில் தீபாவளி மாதத்தில் இரண்டு கிலோ ஏறி இறங்கியதும் உண்டு.

இரவு ஷிப்டுக்கு வருவோம். 2021-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. பத்தொன்பது பேரை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலைக்காரரைப் போல வாழச் செய்து, ஒரு சாராரை இரவிலும், மற்றொரு சாராரைப் பகலில் மட்டும் உண்ண வைத்தனர். இரவில் உண்டவர்க்குச் சர்க்கரை 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்க்கு உயரவில்லை. விழித்திருந்தது இருவரும் ஒன்றே. உண்ட நேரம் மட்டுமே வேறு. ஆகவே இரவு பத்து மணி வேலைக்குச் செல்வோர் மாலை ஏழரை எட்டுக்குள் வீட்டிலேயே வயிறார உண்டுவிட்டுப் புறப்படுவது நன்று. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை சோற்றையும் பொரித்ததையும் தொடாதிருக்கலாம். அறவே பட்டினி கிடக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தின் அருகில் நிற்பவனுக்குத் தலைசுற்றல் ஆகாது. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், நீர்மோர், ஒரு கொய்யா, இவை போதும். காலையில் வந்ததும் இரண்டு இட்லி உண்டுவிட்டுப் படுத்தால், பத்து மணிக்குப் பசி எழுப்பிவிடாது. காப்பியும் தேநீரும் இரவு இரண்டு மணியோடு நின்றால் நலம். குடித்த காப்பியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் நிற்கும் என்பர்.

பகலுறக்கம் பற்றிச் சொல்வது எளிது, பெறுவது அரிது. சித்திரை வைகாசியில் நாற்பது பாகைக்கு மேல் கொதிக்கும் இவ்வூரில், தகரக் கூரையின்கீழ் எவன் உறங்குவான்? கீழ்த்தளத்து அறை கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினும் அதையே தேர்க என்பது நம் அனுபவம். சன்னலுக்குக் கறுப்புத் துணித் திரை. குறைந்த செலவில் முடியும். தொலைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம், பால்காரர், கேஸ்காரர், காய்கறி வண்டி, இவற்றோடு அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லி வைப்பதும் வேண்டும். நம் நண்பரின் வீட்டு வாசலில் ஒரு சிவப்புத் துணி தொங்கினால் அன்று “நைட் ஷிப்டு” என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் தம் பேரப்பிள்ளைகளை அப்பால் விரட்டிவிடுவார். அன்பான அண்டை வீடு ஏழு மணி நேர உறக்கத்துக்குச் சமம்.

பெண்களின் நிலை வேறு. சித்தூரில் மகப்பேற்று வார்டில் பணிபுரியும் சகோதரி ஒருவர் நம்மிடம் சொன்னது இது. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை டூட்டி. வீடு வந்து சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், துணி, பாத்திரம். பதினொன்றுக்குப் படுத்தால் மூன்றுக்குப் பிள்ளைகள் வந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் உறங்கியதே இல்லை. வார்டிலோ, பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டி இனிப்புக் கொடுக்கும். அதை இரவு மூன்று மணிக்கு, கண் சொக்கும் வேளையில், விழித்திருப்பதற்காகவே வாயில் போடுவது. “பசிக்காகச் சாப்பிடல, தூங்கிடக் கூடாதுன்னு சாப்பிட்டேன்,” என்றார். அவர் மூன்று ஆண்டில் ஒன்பது கிலோ ஏறியிருந்தார். மாமியார் அதை உட்கார்ந்து தின்பதன் பலன் என்று வர்ணித்தாராம்.

அவருக்கு நாம் உணவுப் பட்டியல் எதுவும் தரவில்லை. அவர் கணவரை அழைத்துப் பேசினோம். நல்ல மனிதர்; எவரும் அதுவரை அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவே. இரவு டூட்டி நாட்களில் காலைச் சமையலையும் பிள்ளைகளையும் அவர் ஏற்றுக்கொண்டார். முதல் மாதம் உப்புமாவைத் தவிர வேறொன்றும் கண்டிலர் பிள்ளைகள். சகோதரி இப்போது ஒன்பதிலிருந்து இரண்டரை வரை உறங்குகிறார். இனிப்புப் பெட்டி வார்டிலுள்ள ஆயாமார்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் போகிறது. ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. சாப்பாட்டின் அளவை அவர் குறைக்கவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவு வகை பற்றிச் சில தவறான எண்ணங்கள் நம்மிடையே உலவுகின்றன. இப்பக்கத்துக் கேழ்வரகுச் சங்கடியை உண்டால் உடல் மெலியும் என்பர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 320 கலோரி, அரிசியில் 350, வேறுபாடு பெரிதன்று. ஆனால் கேழ்வரகில் நார் 11 கிராம் அளவு, தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆதலால் ஓர் உருண்டையோடு வயிறு போதும் என்கிறது. இரண்டு உருண்டையும் மேலே நெய்யும் வேர்க்கடலைத் துவையலும் என்றால் கணக்கு வேறு. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை நம்பித் தினமும் கொள்ளு ரசம் குடிப்போரும் உளர். குடிக்கட்டும், புரதம் மிக்க நல்ல பயறு, பசியைத் தாங்கும். ஆனால் அது கொழுப்பை உருக்கும் மருந்தன்று. எண்ணெயில்தான் நாம் ஏமாறுகிறோம்: ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. ஆந்திரத்து ஊறுகாய் ஜாடியில் மேலே மிதப்பதும் எண்ணெய்தான்.

மலையேற்றத்தைப் பற்றியும் கேட்கின்றனர். அலிபிரி வழியில் 3,550 படிகள். விடுமுறை நாள்தோறும் ஏறினால் எடை குறையாதா? ஏறுவது மூச்சுக்கும் நெஞ்சுக்கும் மிக நல்லது; முழங்கால் நோவு உள்ளவர் மட்டும் எண்ணிச் செய்க. எண்பது கிலோ மனிதர் ஒருமுறை ஏறினால் 700 கலோரி அளவு செலவாகலாம் என்பது நம் கணக்கு. திருமலையில் கொடுக்கும் வழக்கமான லட்டு 175 கிராம் அளவு. நெய்யும் சர்க்கரையும் கடலைமாவும் முந்திரியும் சேர்ந்த அதுவும் 700-க்குக் குறையாது. பிரசாதம் பகிர்ந்துண்ணுதற்கே அமைந்தது. ஏறிய களைப்பில் ஒருவரே ஒன்றை முடித்துவிட்டால் ஏற்றமும் இறக்கமும் சரியாகிவிடும். மூன்று ஷிப்டிலும் தவறாது செய்யக்கூடியது, வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேர விரைநடை. இரவு வேலை முடித்துக் களைத்து வரும் காலையில் நடை வேண்டாம்; அது உறங்கும் நேரம்.

எடை பார்ப்பதிலும் ஷிப்டுக்காரர் ஏமாறுவர். இரவு வேலை வாரத்தில் உப்பும் நீரும் உடலில் தங்கி ஒரு கிலோ கூடக் காட்டும். மறுவாரம் தானே குறையும். அன்றன்று ஏறி நின்று மனம் குலைவதை விட, வார ஓய்வு நாளில் நன்கு உறங்கி எழுந்த காலையில் ஒருமுறை பார்த்துக் குறித்தால் போதும். அதனினும் நம்பத்தக்கது தையற்காரர் நாடா. இந்தியர்க்கென வகுத்த அளவின்படி ஆடவர் இடுப்புச் சுற்று 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. தாண்டலாகாது. எடையில், 165 செ.மீ. உயரமுடையவர் 63 கிலோவைத் தாண்டினாலே மிகை. 68-ஐத் தாண்டினால் பருமன். மேனாட்டாரின் அளவு நமக்குத் தளர்வானது. நம்மவர்க்குச் சிறு வயிற்றுடனேயே சர்க்கரை வந்துவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியது ஏறத்தாழ 7,700 கலோரி. நாளொன்றுக்கு 500 குறைத்தாலும் வாரம் அரைக் கிலோவுக்கு மேல் நியாயமாகக் குறையாது. நமக்கு மாதம் ஒரு கிலோவே நல்ல வேகம்.

மருத்துவரைக் காணாமல் தொடங்கக் கூடாதவர் சிலர் உண்டு. இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், உணவு நேரத்தை மாற்றினால் மருந்தின் நேரமும் அளவும் மாற வேண்டும். இன்றேல் நள்ளிரவில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும். மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் அன்பர்கள் இதை இருமுறை படிக்கவும். உரக்கக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர், எட்டு மணி நேரம் படுத்தும் களைப்புத் தீராதவர், இவர்கள் உறக்க மூச்சடைப்புக்குச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்நோய் இருக்குமட்டும் எடை குறைவது கடினம், வண்டி ஓட்டுவது ஆபத்து. 2025-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த வாராந்தர ஊசிகள் பற்றியும் கேட்கிறார்கள். பசியை அடக்கும், எடையும் குறையும். ஆயினும் மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டியவை, வந்தபோது விலை மிக்கவையாக இருந்தவை, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. நம் அன்பருள் ஒருவர் வட்டிக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று அறிந்து வருந்தினோம்.

தொழிலாளியின் ஒழுக்கத்தை மட்டுமே பேசிக்கொண்டிருப்பதும் நேர்மையன்று. 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் உணவுச்சாலை வைக்கச் செய்யும் அதிகாரத்தை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அரசுக்கு அளித்திருந்தது. உணவுச்சாலை வந்தது, இரவில் அங்கே கிடைப்பது பூரியும் போண்டாவும் என்றால் குற்றம் உண்பவனுடையது மட்டுமா? ஓர் ஆலையில் நம் அன்பர் எழுவர் சேர்ந்து, தெலுங்குத் தோழர் இருபதின்மரின் கையெழுத்தும் பெற்று, இரவு உணவோடு சுண்டலும் மோரும் வேண்டும் என்று மனுக் கொடுத்தனர். மோர் வந்துவிட்டது. சுண்டலுக்கு இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றனர். ஷிப்டை நாள்தோறும் மாற்றாமல், காலை, பிற்பகல், இரவு என்ற வரிசையில் முன்னோக்கியே மாற்றினால் உடல் சற்று எளிதாகப் பழகும் என்பதையும் அம்மனுவில் சேர்த்திருக்கலாம். அடுத்த முறை சேர்ப்பார்கள்.

சங்கக் கட்டடத்தில் நூலக அலமாரிக்குப் பக்கத்தில் எடைக் கருவி ஒன்றும் நாடாவும் வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டியதில்லை. தாமே பார்த்துத் தாமே குறித்துக்கொள்ளலாம். சென்ற ஞாயிறன்று குடியாத்தத்து நண்பர் வந்து ஏறிப் பார்த்தார். 79-தான், ஒரு மாதமாக அசையவில்லை. “இந்த வாரம் நைட் ஷிப்டு, அண்ணா. அப்படித்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, மாலை உணவுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். வீட்டில் அம்மையார் ஆறரைக்கே இலை போட்டிருப்பாராம்.